புல்லுருவி என்னும் வசை

தமிழில் ஒருவரை வைவதற்குப் பெரிதும் கைகொடுப்பவை விலங்குகளின் பெயர்களே. நாய், பன்றி, கழுதை, எருமை என அப்பட்டியல் நீளும். தாவரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. எட்டியும் எருக்கும் உவமைக்கு உதவுமேயன்றி, ஒருவரை முகத்துக்கு நேரே 'எட்டியே' என்று விளித்தவரை நாம் கண்டதில்லை. இதற்கு விலக்காக நிற்பது புல்லுருவி. எந்தக் கட்சி பிளந்தாலும் இரு தரப்பும் மறுதரப்பை அழைக்க இச்சொல்லையே எடுக்கின்றன. 'சமுதாயப் புல்லுருவி' பட்டிமன்ற மேடையிலும் பள்ளிக் கட்டுரை ஏட்டிலும் ஒருசேர வாழ்கிறது. இலஞ்சம் வாங்குபவன், வரி ஏய்ப்பவன், வேலைக்குப் போகாத தம்பி, வாடகை தராத குடித்தனக்காரர் என்று எல்லாருக்கும் இந்த ஒரே சட்டை.

தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் இச்சொல்லைச் சந்திக்கிறோம். அதை எழுதும் மாணவர்களுள் பெரும்பாலோர் அச்செடியைப் பார்த்ததில்லை. சென்னையில் வாழ்ந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருப்பதற்குச் சற்று முயற்சியும் வேண்டும். மயிலாப்பூரின் உள்தெருக்களிலும், அடையாற்றின் பழைய குடியிருப்புகளிலும், தியாகராயநகரில் அடுக்ககமாக மாறாமல் எஞ்சிய சில வீட்டுத் தோட்டங்களிலும், வயதான ஒரு மாமரத்தையோ வேம்பையோ அண்ணாந்து பார்த்தால் போதும். மாசி மாதத்தில் வேம்பு இலையுதிர்த்து நிற்கும்போது, அதன் ஒரு கிளையில் மட்டும் சாம்பல் படர்ந்த பச்சையில் கனத்த இலைகளோடு ஒரு கொத்து தொங்கும். வேப்பிலையின் பல்வெட்டு அதில் இராது. வேறு செடி, வேறு குடும்பம். வேரென்று மண்ணில் ஒன்றும் கிடையாது. கிளையின் பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கியதுதான் அதன் வேர்.

தாவரவியலார் இதனை டெண்ட்ரோஃப்தோயே ஃபல்கேட்டா என்பர். பழைய நூல்களைப் புரட்டுவோர் லொராந்தஸ் லாங்கிஃபுளோரஸ் என்ற பெயரில் இதையே காணலாம். பள்ளிப் பாடத்தில் 'பகுதி ஒட்டுண்ணி'க்கு எடுத்துக்காட்டாக லொராந்தஸ் என்று மனப்பாடம் செய்தோமே, இச்செடி நீண்டகாலம் அப்பெயரிலேயே வழங்கியது. வெப்பமண்டல ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவிய டெண்ட்ரோஃப்தோயே என்ற இப்பேரினத்துக்கு 1830இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ட்டியஸ். கிரேக்கத்தில் 'டெண்ட்ரோன்' மரம். 'ஃப்தோயே' உடலை உருக்கும் நோய், நம் வழக்கில் க்ஷயம். ஆக, அறிவியலும் இதற்கு வைத்த பெயர் 'மரத்தின் காசநோய்' என்பதுதான். நம் மேடைப் பேச்சாளர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

ஆயினும் 'பகுதி' என்ற அடைமொழியை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு 'ஒட்டுண்ணி'யை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம் என்பதே நமது முதல் முறையீடு. புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. தனக்கு வேண்டிய சர்க்கரையைப் பெரும்பாலும் அதுவே வெயிலில் சமைத்துக்கொள்கிறது. மரத்திடமிருந்து அது எடுப்பது தண்ணீரையும் அதில் கரைந்த உப்புகளையும். மரத்தின் நீர்க்குழாயில் ஓர் இணைப்புக் கொடுத்துக்கொண்டு அடுப்பைத் தானே மூட்டிக்கொள்ளும் குடித்தனம் என்று சொன்னால் தவறாகாது. தாய்மரத்தைவிட வேகமாக நீரை ஆவியாக்கித்தான் அந்த நீரைத் தன் பக்கம் இழுக்கிறது என்பதால், கோடையில் இக்குடித்தனம் மரத்துக்குச் சுமைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இலையே இல்லாமல் மஞ்சள் நூலாகப் படர்ந்து பிற செடியின் சாற்றை முழுதும் உறிஞ்சும் கஸ்கியூட்டாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, திருடனுக்கும் கடனாளிக்கும் உள்ள வேறுபாடு. வசைச்சொல் தேடியவர்கள் கஸ்கியூட்டாவை விட்டு இதனைப் பிடித்தது ஏனென்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. ஒருவேளை கண்ணுக்கு உயரத்தில், தலைக்கு மேலே, செழிப்பாகத் தெரிவதுதான் இதன் குற்றமோ?

பனிக்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் இச்செடி பூக்கும். குழல்போல் நீண்டு சற்றே வளைந்த பூக்கள். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் நுனியில் பச்சையுமாக, கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நிற்கும். தேன்சிட்டுகள் அவற்றை மொய்க்கும். பிறகு சிறு நெல்லிக்காய்க்கும் சிறிதான காய்கள் சிவந்து பழுக்கும். அப்போது வருவது பூங்கொத்தி. எட்டுச் செண்டிமீட்டர் நீளமே உள்ள, நிறமென்று சொல்ல ஒன்றுமில்லாத பறவை. இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. கண்ணில் படுவதற்கு முன் அதன் 'சிக், சிக்' ஓசைதான் காதில் விழும். பழத்தை விழுங்கிச் சதையை எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் விதையை வெளியேற்றிவிடும். விதையைச் சுற்றிலும் பசை. அது எளிதில் கீழே விழாது. பறவை தன் உடலைக் கிளையில் தேய்த்தே அதை விடுவிக்க வேண்டியிருக்கிறது. தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்ளும். அங்கேயே முளைக்கும். மண்ணில் விழுந்தால் அதற்கு வாழ்வில்லை. எனவே விதைக்கு வேண்டியது கிளை. பறவைக்கு வேண்டியது பழம். இருவரின் தேவையும் அந்தப் பசையில் சந்திக்கின்றன.

இவ்வுறவைக் கொங்கணக் கடற்கரையில் கவனித்து எழுதியவர் சாலிம் அலி. பின்னாளில் இந்தியப் பறவையியலின் பெயராகவே ஆகிவிட்ட அவர், 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், லொராந்தஸைப் பரப்புவதில் தேன்சிட்டுகளுக்கும் பூங்கொத்திகளுக்கும் உள்ள பங்கைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், நீலகிரியில் இதே உறவை ஆராய்ந்தவர் பிரியா தவிதார். அவர் கண்டவற்றுள் நம்மை மிகவும் ஈர்த்தது ஒன்றுண்டு. அங்குள்ள சில புல்லுருவி இனங்களில் முதிர்ந்த மொட்டும் பழுத்த கனியும் தோற்றத்தில் ஒத்திருக்கின்றன. பழமென்று நினைத்து வரும் பூங்கொத்தி மொட்டைத் தொடுகிறது. மகரந்தச் சேர்க்கையும் நிகழ்ந்துவிடுகிறது. விதைப்பவரையே தூதராகவும் அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு. நம் அகப்பாடல் மரபில் தூது சென்ற பறவைகளுள் இந்தப் பறவைக்கு இடம் கிடைக்கவில்லை என்பது சிறு குறைதான்.

பறவையோடு நிற்கவில்லை. வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக, கறுப்புக் கோடுகள் ஓடும் சிறகுகளோடு சென்னைத் தோட்டங்களில் பறக்கும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியை வாசகர் பார்த்திருப்பர். அதன் புழுக்கள் கூட்டமாக மேய்வது புல்லுருவிக் குடும்பத்தின் இலைகளைத்தான். மரத்திலிருந்து புல்லுருவியை ஒட்டக் களைந்துவிட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி இல்லையே என்று வருந்துபவர்களை அடையாற்றில் நாம் அறிவோம்.

*

பெயர்க் கதைக்குத் திரும்புவோம். 'புல்லுருவி' என்ற சொல்லில் நமக்குப் பிடித்த பகுதி அதன் முதற்பாதி. புல்லுதல் என்றால் தழுவுதல். பிரிந்தவர் கூடும்போது அகத்திணைப் பாடல்கள் பயன்படுத்தும் வினை அது. உருவுதல் என்றால் ஊடுருவுதல். தழுவி ஊடுருவுவது என்று இச்சொல்லைப் பிரித்தால், செடி செய்யும் வேலையின் இரு கட்டங்களும் அதில் வந்துவிடுகின்றன. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரமுள்ளதை மரம் என்றும் பகுத்ததை நினைவுகூர்ந்து, மரத்தை உருவும் புல் என்று பொருள்கொள்பவரும் இருக்கலாம். நாம் தழுவலின் பக்கம்.

இலங்கைத் தமிழர் இச்செடியைக் குருவிச்சை என்பர். இப்பெயரைக் கேட்டதும் காதில் விழுவது குருவி. பிற்பாதியை இச்சை என்று வாசித்து, குருவி விரும்புவது என்று மகிழ நமக்கு ஆசை. சொல்லாராய்ச்சியாளர் சம்மதிப்பாரோ என்னவோ. ஒரே செடி, ஒரு பெயரில் மரத்தோடு அதற்குள்ள வழக்கு தெரிகிறது, மற்றதில் பறவையோடு உள்ள உறவு ஒலிக்கிறது. பாக்கு நீரிணையின் இக்கரையில் நாம் முதற்பெயரை வைத்துக்கொண்டோம். அதுவே வசையாகவும் ஆயிற்று. மாந்திரீகக்காரர்களோ இன்ன மரத்துப் புல்லுருவியை இன்ன நட்சத்திரத்தில் பறித்தால் இன்ன பலன் என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மேடையில் இகழப்படும் செடி தாயத்துக்குள் மதிப்போடு உறங்குகிறது என்பது தமிழ் வாழ்வின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஐரோப்பாவில் இதன் உறவினமான விஸ்கத்தின் நிலை வேறு. கருவாலி மரத்தில் வளரும் அச்செடியை ட்ரூயிட் குருமார் புனிதமெனக் கொண்டாடியதை ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். பனிக்காலத்தில் மரம் மொட்டையாக நிற்க, இது மட்டும் பச்சையாக இருந்ததால் மரத்தின் உயிர் இதற்குள் ஒளிந்திருப்பதாக அக்கால மக்கள் நம்பினர் என்று விளக்கிய ஜேம்ஸ் ஃபிரேசர், 1890இல் வெளியான தமது பெருநூலுக்கே 'பொற்கிளை' என்று பெயர் வைத்தார். மாசியில் மொட்டை வேம்பின் மேல் நாம் காண்பதும் அதே காட்சிதான். அவர்கள் உயிரைக் கண்டார்கள், நாம் திருடனைக் கண்டோம்.

'பாரசைட்' என்ற சொல்லின் பயணம் நம் சொல்லின் பயணத்துக்கு நேரெதிர். கிரேக்கத்தில் 'பாரசீட்டோஸ்' என்பதன் பொருள் அருகமர்ந்து உண்பவன். தொடக்கத்தில் அது கோயில் விருந்தில் உடனுண்ணும் மதிப்புக்குரிய பதவியைக் குறித்தது. பிறகு நகைச்சுவை நாடகங்கள் அதைச் செல்வர் வீட்டுப் பந்தியில் முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவனாக்கின. ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் மனிதருக்கு வழங்கிய வசை. பின்னரே உயிரியலுக்குப் போயிற்று. அங்கே மனிதனிடமிருந்து செடிக்கு. இங்கே செடியிலிருந்து மனிதனுக்கு. வழி எதுவாயினும், பிறர் சோற்றை உண்பவன் மீதான எரிச்சல் இரண்டிலும் ஒன்றே.

அந்த எரிச்சல் இலக்கிய வாசகர்களாகிய நமக்குப் பொருந்துமா என்பது கேள்வி. சங்கப் புலவர்களையும் பாணரையும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளில் வேறெப்படி அழைப்பது? அரசனின் பந்தியில் அமர்ந்து உண்டவர்கள், பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் இடையிட்டுப் பாடிய பாடல் புறநானூற்றில் 47ஆம் பாடலாக உள்ளது. அதில் அவர் பரிசிலரின் வாழ்க்கைக்கு உவமையாகக் கொள்வது பழமரம் நாடிப் பறக்கும் பறவையைத்தான். பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, சேர்த்து வைக்காது, பிறருக்குத் தீங்கு எண்ணாது வாழும் வாழ்க்கை அது என்பது அவர் வாதம். அவ்வாதத்தால் ஓர் உயிர் பிழைத்தது. பிறரைச் சார்ந்து வாழ்பவருக்காக ஒருவர் எழுந்து பேசியதற்குத் தமிழில் இதைவிட உறுதியான சான்று நாம் அறிந்து இல்லை. இருபது நூற்றாண்டு தாண்டி வந்தால், திருவாவடுதுறை மடத்தில் உண்டு உறங்கி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர். மடத்துச் சோறு இல்லையேல் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்திராது. அச்சோற்றைப் புல்லுருவித்தனம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. ஆனால் இன்று அரசு விடுதியில் உண்டு படிக்கும் மாணவனைப் பற்றி அந்தச் சொல் வருகிறது. படித்தவர்கள் வாயிலிருந்தே வருகிறது. விலையில்லா மடிக்கணினியும் உதவித்தொகையும் பேச்சாகும் ஆசிரியர் அறைகளில் நாம் அதைக் கேட்டிருக்கிறோம். சொன்னவருக்கு ஊதியமும் அதே கருவூலத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது கிளைக்கதை.

*

இவ்விடத்தில் சந்தனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ் இலக்கியத்தில் சந்தனத்துக்குக் கிடைத்த மரியாதை வேறெந்த மரத்துக்கும் கிடைத்ததா என்பது ஐயம். தேயத் தேய மணக்கும், தன்னை அழித்துப் பிறரைக் குளிர்விக்கும், சான்றோருக்கு உவமையாகும். கவியரங்குகளில் 'சந்தனமாய்த் தேய்ந்த' தலைவர்கள் எத்தனை பேர்! அந்தச் சந்தனமும் ஒட்டுண்ணிதான்.

இது உவமையன்று, தாவரவியல். சந்தன மரத்தின் வேர்கள் மண்ணுக்கடியில் அக்கம்பக்கத்து மரஞ்செடிகளின் வேர்களைத் தேடிப் பற்றி, சிறு குமிழ்போன்ற உறிஞ்சுறுப்புகளை அவற்றில் பதித்து நீரும் உப்பும் எடுத்துக்கொள்கின்றன. புல்லுருவி கிளையில் செய்வதை இது வேரில் செய்கிறது. இரண்டுக்கும் பச்சை இலை உண்டு, இரண்டும் பகுதி ஒட்டுண்ணிகள். இரண்டும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசைக்கே சந்தனத்தின் பெயரால் 'சந்தாலேலஸ்' என்று பெயர். சந்தன வேரின் உறிஞ்சுறுப்பை நுண்ணோக்கியின் கீழ் விரிவாக ஆராய்ந்து 1906, 1907ஆம் ஆண்டுகளில் நூலாக்கியவர் அக்காலத்துச் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளரான சி.ஏ. பார்பர். கோவைக் கரும்பு ஆராய்ச்சியின் தொடக்க வரலாற்றில் வரும் அதே பார்பர்தான். எனவே இது புதிய கண்டுபிடிப்பன்று. நூறாண்டுக்கு மேலாக நம் மாகாணத்தின் அச்சேறிய அறிவு.

நாற்றங்காலில் சந்தனக் கன்று வளர்ப்போருக்கு இது அன்றாடச் செய்தி. கன்றைத் தனியே வைத்தால் தேறாது. அதே பையில் துணைக்கு ஒரு செடியை நடுவார்கள். அப்படி நடப்படுவது பல இடங்களில் பொன்னாங்கண்ணி. நாம் பருப்பிட்டுக் கடைந்து உண்ணும் அதே கீரை. பிறகு தோட்டத்தில் பெயர்த்து நடும்போது துவரை, சவுக்கு என்று பெரிய துணை. சான்றோருக்கு உவமையான மரம் பொன்னாங்கண்ணியின் வேரைப் பற்றிக்கொண்டு குழந்தைப் பருவத்தைக் கடந்திருக்கிறது. இதனால் சந்தனத்தின் மணம் குறைந்துவிடவில்லை. கவிஞர்கள் அடுத்த முறை பொன்னாங்கண்ணிக்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும் என்பதே நமது கோரிக்கை.

மண்ணுக்கு மேலே எடுத்தால் வசை, மண்ணுக்குக் கீழே எடுத்தால் வாழ்த்து. மரங்களின் உலகில் இப்பாகுபாடு இல்லை. இதை ஏற்படுத்தியவர்கள் நாம். நகரத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பல்லாயிரம் பேர் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஆக்கிரமிப்பாளர் என்பது அலுவல்முறைச் சொல். புல்லுருவி என்பது தேநீர்க்கடைச் சொல். அவர்களுள் பலர் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராயநகரிலும் பாத்திரம் துலக்கியவர்கள், கட்டட வேலை செய்தவர்கள், மீனும் பூவும் விற்றவர்கள். பெயர்க்கப்பட்ட பின்பும் அதே வேலைக்கு இரண்டு பேருந்து மாறி வந்தார்கள். யார் எவர் மீது தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் இன்னும் சங்கடம். புல்லுருவி மரத்திடமிருந்து எடுப்பது தண்ணீர் என்றோம். சென்னை எவரிடமிருந்து எடுக்கிறது? 1996 முதல் கிருஷ்ணை நீர் ஆந்திரத்தைக் கடந்து பூண்டிக்கு வந்தது. 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வீராணத்திலிருந்து குழாய் வந்தது. பிற்காலச் சோழர் வெட்டி உழவருக்கு விட்டுச்சென்ற ஏரி அது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. இவற்றுக்கெல்லாம் அப்பால், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வயற்கிணறுகளிலிருந்து லாரிகள். தியாகராயநகரின் அடுக்கக வாயிலில் நள்ளிரவில் வந்து நிற்கும் தண்ணீர் லாரியின் குழாயைப் பார்த்தால், பட்டையைத் துளைத்த அந்த வேர்தான் நம் நினைவுக்கு வருகிறது. நகரமும் தன் வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது, உண்மைதான். அதன் அறிவும் வணிகமும் அதன் சொந்த உழைப்பு. தண்ணீர் மட்டும் பிறர் கிளையிலிருந்து வருகிறது. நகரமும் பகுதி ஒட்டுண்ணியே. அதைச் சொன்னால் எவரும் கோபிப்பதில்லை. 'மாநகரம்' என்ற பெயர் அந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

*

புல்லுருவியால் மரத்துக்குக் கேடே இல்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். உண்டு. ஒரு மாமரத்தில் பத்துப் பதினைந்து கொத்துகள் ஏறிவிட்டால் அதன் காய்ப்புக் குன்றும், நுனிக்கிளைகள் காயும். கவனிக்காவிடில் மரமே சாகலாம். முந்நூறுக்கு மேற்பட்ட மரஞ்செடி வகைகளில் ஏறக்கூடியது இச்செடி. மாந்தோப்பு வைத்திருப்பவர் அதைக் கண்டதும் கிளையோடு, ஒட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, வெட்டிவிடுவதில் பிழையில்லை. அவருக்கு அது பிழைப்பு. இலையை மட்டும் பிய்த்தால் மறுபடி துளிர்க்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தோப்புக்காரரின் நியாயத்தை நகரத்துத் தெருவுக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் நமக்கு உடன்பாடில்லை. தெருவோர வேம்பை எவரும் காய்ப்புக்காக வளர்ப்பதில்லை. அம்மரத்தை நலிவித்தவை எவை என்று பார்ப்போம். அடிமரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமின்றிப் போட்ட சிமெண்ட். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுவதையும் அறுத்த இயந்திரம். பயிற்சி நிலைய விளம்பரத் தகடுகளை அறைந்த ஆணிகள். மின்கம்பிக்காக ஒரே பக்கமாகக் கழித்த கிளைகள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேர் அறுபட்ட மரங்கள் நடைபாதைக் கற்களையும் பெயர்த்துக்கொண்டு விழுந்து கிடந்ததை அனைவரும் கண்டோம். புல்லுருவி தள்ளிவிட்ட மரம் என்று ஒன்றையும் நாம் காணவில்லை. 2020களில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகப் பனகல் பூங்காவிலும் லஸ் பகுதியிலும் நிலம் பிளக்கப்பட்டபோது போன மரங்களுக்கும் இச்செடிக்கும் தொடர்பில்லை. ஆயினும் நகரின் தென்பகுதியிலுள்ள ஒரு கல்வி வளாகத்தில் நல்ல வேம்பொன்றை அடியோடு வெட்டியபோது, சொல்லப்பட்ட காரணம் 'புல்லுருவி பிடித்துவிட்டது' என்பது. பிடித்திருந்தது இரண்டு கிளைகளில். மரம் நின்ற இடத்தில் பின்னர் இருசக்கர வாகனங்கள் நிறுத்தக் கூரை வந்தது. வசைச்சொல் செய்யக்கூடிய வேலை இதுதான்: அது விழுந்த பிறகு எவரும் கணக்குக் கேட்பதில்லை.

முற்றாகக் களைந்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் செய்தே பார்த்துவிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் டேவிட் வாட்சனும் மேத்யூ ஹெர்ரிங்கும் தனித்தனித் துண்டுகளாக எஞ்சிய மரக்காடுகள் சிலவற்றிலிருந்து புல்லுருவிகளை முழுவதும் அகற்றினர். ஒப்பீட்டுக்கு வேறு சிலவற்றை அப்படியே விட்டனர். மூன்றாண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, அகற்றிய காடுகளில் பறவையினங்களில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இல்லாமற்போயிருந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது இன்னொரு செய்தி. இழப்பு பழந்தின்னிகளோடு நிற்கவில்லை. தரையில் பூச்சி பொறுக்கும் பறவைகளும் குறைந்தன. காரணம் சருகு என்று அவர்கள் கருதுகின்றனர். பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். புல்லுருவி அவ்வாறு கணக்குப் பார்ப்பதில்லை. சத்தோடு சேர்த்து இலையை உதிர்த்துவிடுகிறது. அச்சருகில் பூச்சிகள் பெருகும், பூச்சிக்குப் பறவை வரும். மரத்திடம் வாங்கியதை அது மரத்தடி மண்ணில் போடுகிறது. சேர்த்து வைக்காமல் உண்டு வாழும் வாழ்க்கை என்று கோவூர்கிழார் சொன்னதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியக் காட்டின் கணக்கு அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கோ கிண்டிக் காட்டுக்கோ அப்படியே பொருந்தும் என்று நாம் வாதிடவில்லை. மரங்கள் வேறு, பறவைகள் வேறு. ஆனால் சென்னையில் பழமரங்கள் அருகி, எஞ்சியவை அலங்காரச் செடிகளாக மாறிவரும் வேளையில், ஓராண்டில் பல மாதம் தேனும் பழமும் தரும் ஒரு செடியைப் பெயரைக் கேட்டதுமே வெட்டச் சொல்வதில் அறிவும் இல்லை, அழகும் இல்லை. பத்துக் கொத்து ஏறிய மரத்தில் எட்டை எடுக்கலாம். இரண்டு கொத்து உள்ள மரத்தை விட்டுவிடலாம். மாநகராட்சியின் மரம் வெட்டுவோரிடம் குடியிருப்போர் சங்கங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அடிமரத்துச் சிமெண்டைக் கொத்தி எடுங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். அது மரத்துக்கு இன்னும் பயன்படும்.

வகுப்பறையில் நாம் செய்துவருவது சிறிது. விடைத்தாளில் 'சமுதாயப் புல்லுருவி' வந்தால் மதிப்பெண் குறைப்பதில்லை. ஓரத்தில் 'எந்த மரத்தில் பார்த்தாய்?' என்று மட்டும் எழுதுகிறோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள். சென்ற ஆண்டு ஒருத்தி, நந்தனத்தில் தன் வீட்டெதிரே உள்ள கொய்யா மரத்தில் என்று பதில் எழுதிக் கொண்டுவந்து தந்தாள். பூ என்ன நிறம் என்று கேட்டோம். மறுநாள் பார்த்துவந்து சொன்னாள்: நுனி பச்சை, மற்றதெல்லாம் ரோஜா நிறம், ஒரு சின்னக் குருவி விடாமல் வந்துகொண்டேயிருக்கிறது, அதன் பெயர் என்ன?